எனக்கு ஒரே ஒரு ஸித்தி கிடைத்தால்

(சித்தூரில் நடைபெற்ற அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய கூட்டத்துக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் நம் இளைஞர்கள். "உங்களுக்கு ஓர் அதிசய சக்தி கிடைக்கும் என்றால் எதைக் கேட்பீர்கள், ஏன்?" என்பது தலைப்பு. நிபந்தனைகள் மூன்று. ஒன்றுதான் கேட்கலாம். பணமும் ஆயுளும் கேட்கக் கூடாது. காரணத்தைச் சொல்லியே தீர வேண்டும். மூன்றாவது நிபந்தனை எனக்குப் பிடித்தது. நாற்பது வருஷங்களுக்குக் கொஞ்சம் குறைவாக அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். காரணம் எழுதாத கோப்பில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இந்த மாதிரி ஆசைகள் 1938ல் அமெரிக்கப் படக்கதையில் சூப்பர்மேன் வந்த பிறகு பிறந்தவை என்று குழந்தைகள் நினைக்க வேண்டாம். நம்மிடம் பழைய பட்டியலே இருக்கிறது. அணுவளவாகச் சிறுத்துப் போவது அணிமா. மலையளவாகப் பெருகுவது மஹிமா. பஞ்சு போல் லேசாவது லகிமா. அசைக்க முடியாத கனமாவது கரிமா. எங்கிருப்பதையும் எட்டித் தொடுவது பிராப்தி. நினைத்ததை நினைத்தபடி அடைவது பிராகாம்யம். எதையும் ஆள்வது ஈசத்துவம். எவரையும் வசப்படுத்துவது வசித்துவம். ஆக எட்டு. பதஞ்சலி தம் யோக சூத்திரத்தின் மூன்றாவது பாதத்தின் பெரும்பகுதியை இப்படிப்பட்ட விபூதிகளுக்கே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அதே பாதத்தில், இவையெல்லாம் வெளியே போகும் மனசுக்குத்தான் ஸித்திகள், ஸமாதிக்கு இடைஞ்சல்கள் என்று எச்சரிக்கையும் செய்துவிடுகிறார். கடையைத் திறந்து வைத்துவிட்டு, "சாமான் வாங்காமல் போனால் நல்லது" என்று சொல்லும் கடைக்காரர் அவர் ஒருவர்தான்!

எனக்கு முன்னால் பேசிய குழந்தைகள் கேட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவன் பறக்க வேண்டும் என்றான். ரேணிகுண்டாவில் விமானம் ஏறினால் அந்த ஆசை டிக்கெட் விலைக்குக் கிடைத்துவிடுகிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள் என்று கணக்கு. முழங்கால் வலியோடு ஏறுகிறவர் பறக்க ஆசைப்படுவது நியாயமே. ஆனால் பறந்து போய் இறங்கினால் தரிசனம் கிடைக்கும். நடந்து போன திருப்தி கிடைக்குமா என்பது சந்தேகம்.

ஒரு பெண் குழந்தை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்து நடமாட வேண்டும் என்றாள். அம்மா, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பார். மறு நாளே அந்த சக்தி தானாக வந்துவிடும். பழைய ஆபீசுக்கு ஒரு வேலையாகப் போய் நின்றேன். அரை மணி நேரம் நான் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

இன்னொரு பிள்ளை பிறர் மனசைப் படிக்க வேண்டும் என்றான். என் சகதர்மிணிக்கு அந்த சக்தி கல்யாணமான சில வருஷங்களிலேயே வந்துவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் இரண்டாவது ஆளுக்கு அது தேவைப்படவில்லை.

ஆகாயத்தில் நடப்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். அந்தக் கண் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் காதங்கி என்ற சிற்றூர். பஸ்ஸில் போகும்போது பலரும் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவோம். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வுக் கூடம் இருக்கிறது. 130 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலமுள்ள மைதானத்தில் 1,024 ஆண்டெனாக்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மேலே அனுப்பும் ரேடியோ அலை, காற்றின் கொந்தளிப்பில் பட்டு மிகச் சிறிய அளவில் திரும்பி வருகிறது. அதை வைத்துத் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். மேகமே இல்லாத வெட்ட வெளியிலும் சொல்கிறார்கள். இதுவும் ஒரு ஸித்திதான். என்ன, இதற்கு மின்சாரக் கட்டணம் உண்டு.

நிற்க. இனி என் விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

மேலே பார்க்கும் கண் வந்துவிட்டது. நான் கேட்பது கீழே பார்க்கும் கண். நான் நிற்கும் இடத்தில், காலடியில், பூமிக்குள் நீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். பதஞ்சலியின் பட்டியலில் இதற்கும் இடம் இருக்கிறது. நுண்ணியது, மறைந்திருப்பது, தொலைவில் இருப்பது ஆகிய மூன்றையும் அறியும் திறன் என்று ஒரு சூத்திரத்தில் சொல்கிறார். அதில் நடுவில் இருக்கும் "மறைந்திருப்பது" மட்டும் எனக்குப் போதும். தமிழில் நீர் சுரக்கும் இடத்துக்கு ஊற்றுக்கண் என்றுதான் பெயர். அந்தக் கண்ணைப் பார்க்க எனக்கு ஒரு கண் வேண்டும். அவ்வளவுதான்.

இத்தனை இருக்க இதை ஏன் கேட்கிறேன் என்று டில்லியிலும் மும்பையிலும் இருக்கும் அங்கத்தினர்கள் நினைக்கலாம். சித்தூர்ப் பக்கம் வாழ்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாலைவனம் அல்ல. ஆனால் சித்தூர் வழியாகப் போகும் நீவா நதியும், திருப்பதி வழியாகப் போகும் ஸ்வர்ணமுகியும், குப்பம் பக்கத்துப் பாலாறும் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகத்தான் கிடக்கும். ஆகவே ஏரியும் கிணறும்தான் கதி. என் சிறு வயதில் கிணறு என்றால் முப்பது, நாற்பது அடி. மாடு பூட்டிக் கவலை இறைப்பார்கள். பிறகு மின்சார மோட்டார் வந்தது. அதன்பின் போர் வந்தது. நூறு அடி, இருநூறு, ஐந்நூறு என்று போய், இன்று ஆயிரம் அடி என்றாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2004ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததும், இறைக்கும் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது.

இதில் உள்ள கஷ்டம், எங்கள் பூமி கருங்கல் பூமி. திருப்பதியில் பி.எஸ்ஸி. படித்தவன் என்ற உரிமையில் சற்று விளக்குகிறேன். காவிரி, கோதாவரிப் படுகையில் மணலும் வண்டலும் ஆழமாக இருக்கிறது. எங்கே தோண்டினாலும் கடற்பஞ்சு போல் நீர் இருக்கும். கிரானைட், நைஸ் போன்ற பழங்காலப் பாறைகளில் அப்படி இல்லை. மேலே சில பத்து அடிகளுக்குப் பாறை மக்கிச் சுக்கானாக இருக்கும். அதில் நீர் தங்கும். அதற்குக் கீழே பாறையில் விரிசல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விரிசல் கையகலமாகவும் இருக்கலாம், நூல் அளவாகவும் இருக்கலாம். இங்கே போட்டால் மூன்று அங்குலத் தண்ணீர். முப்பது அடி தள்ளிப் போட்டால் வெறும் புழுதி. ஆகவே போர் போடுவது எங்கள் பக்கம் விவசாயம் அல்ல, சூதாட்டம்.

உத்தியோகத்தில் இருந்தபோது இந்தச் சூதாட்டத்தை நேரில் பார்த்தேன். 1990களின் பிற்பகுதி. பங்காருபாளையம் பக்கம் ஒரு ரயத்து. பெயர் வேண்டாம். நாலு ஏக்கர் நிலம், அதில் ஆறு போர், ஆறும் காய்ந்தவை. ஏழாவதுக்குத் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்திருந்தது. (இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் வண்டி திருச்செங்கோட்டு வண்டியாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.) வேறு வேலையாக அந்த ஊரில் தங்க வேண்டியிருந்ததால் விடியும் முன் அங்கே போனேன். இரவு முழுவதும் ஓட்டியிருக்கிறார்கள். ஊரே வெள்ளைப் புழுதி. 700 அடி தாண்டிவிட்டது. டிரைவர் போதும் என்று கம்பியை ஏற்றத் தொடங்கினார். ரயத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கொக்க இரவை அடுகுலு ஸார்" என்றார். இன்னும் ஒரே ஒரு இருபது அடி. அவர் மனைவி சற்றுத் தள்ளிக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. இருபது அடியும் போட்டார்கள். புழுதிதான் வந்தது.

அதே வருஷம் அவருடைய பக்கத்து நிலத்துக்காரருக்கு 400 அடியில் நல்ல நீர் கிடைத்தது. ஊரே போய்ப் பார்த்தது. அடுத்த கோடைக்குள் அந்த நிலத்தைச் சுற்றியிருந்த மூன்று கிணறுகள் வற்றிவிட்டன. இந்த இரண்டாவது செய்தியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கீழே பார்க்கும் கண் தங்களுக்கு இருப்பதாகச் சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நீரோட்டம் பார்ப்பவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார். நீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பார். இன்னொருவர் கவட்டை போன்ற வேப்பங்குச்சியோடு நடப்பார். அவர்களைப் பரிகாசம் செய்வது என் எண்ணமல்ல. பலர் உண்மையிலேயே நம்பித்தான் செய்கிறார்கள்.

ஆனால் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1987, 1988ல் ஜெர்மனியில் முனிச் நகரத்தின் அருகே ஒரு பெரிய தானியக் கொட்டகையில் அரசாங்கச் செலவில் பரீட்சை நடந்தது. கீழ்த் தளத்தில் நீர்க்குழாயை ஒரு வண்டியில் வைத்து இஷ்டப்பட்ட இடத்துக்குத் தள்ளி வைப்பார்கள். மேல் தளத்தில் நடப்பவர், குழாய் எங்கே இருக்கிறது என்று குச்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுமார் 500 பேரிலிருந்து பொறுக்கி எடுத்த 43 பேர், மொத்தம் 843 முறை முயன்றார்கள். சிலருக்கு உண்மையாகவே சக்தி இருக்கிறது என்று பரீட்சை நடத்தியவர்கள் எழுதினார்கள். ஜிம் என்ரைட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் இதே அளவுதான் கிடைக்கும் என்று காட்டினார். ஆக, ஸித்தி இன்னும் யாருக்கும் கைகூடவில்லை.

குச்சியைவிட நல்ல வழியை நம் நாட்டில் 1,400 வருஷங்களுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராஹமிஹிரர். அவருடைய பிருஹத் ஸம்ஹிதையில் தகார்கலம் என்ற ஓர் அத்தியாயம் முழுவதும் நிலத்தடி நீரைக் கண்டுபிடிப்பதைப் பற்றியது. மனித உடம்பில் ரத்த நாளங்கள் இருப்பது போலப் பூமிக்குள் நீர் நாளங்கள் ஓடுகின்றன என்று ஆரம்பிக்கிறார். எந்த மரம், அதற்கு எந்தத் திசையில் புற்று, தோண்டும்போது என்ன நிறத்தில் மண், என்ன கல் வரும் என்று வரிசையாகச் சொல்கிறார். நாவல் மரத்துக்குக் கிழக்கே அருகில் புற்று இருந்தால், அந்த மரத்துக்குத் தெற்கே இரண்டு புருஷ ஆழத்தில் நல்ல நீர் என்பது ஓர் உதாரணம். புருஷம் என்பது ஓர் ஆள் கையைத் தூக்கி நிற்கும் உயரம். ஏழரை அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஆராய்ந்தவர் நம் திருப்பதிக்காரர் என்பதில் எனக்கு ஒரு பெருமை. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராக இருந்த ஈ.ஏ.வி. பிரசாத், வராஹமிஹிரரின் நிலத்தடி நீர் பற்றி 1980ல் ஒரு புஸ்தகமே வெளியிட்டார். கறையானுக்கு ஈரம் வேண்டும். ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்கும். ஆகவே புற்று ஓர் அடையாளம் என்பதில் அர்த்தம் இருக்கிறது. மந்திரம் அல்ல, பல தலைமுறைகள் கவனித்துச் சேர்த்த அறிவு. ஆனால் அது தோண்டும் கிணற்றின் சாஸ்திரம். ஆயிரம் அடியில் என்ன இருக்கிறது என்று கறையானுக்கு எப்படித் தெரியும்?

இன்றைய விஞ்ஞானத்துக்கும் ஒரு கண் உண்டு. தரையில் நான்கு கம்பிகளை வரிசையாக நட்டு, வெளிக் கம்பிகள் வழியாக மின்சாரம் செலுத்தி, உட்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். காய்ந்த கருங்கல் மின்சாரத்தை எளிதில் விடாது. நீர் ஊறிய பாறை விடும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் ஆழம் ஆழமாகத் தெரியும். 1986ல் தொடங்கிய தேசியக் குடிநீர் இயக்கத்துக்கு நம் விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, பாறை விரிசல்கள் ஓடும் கோடுகளை வரைபடமாகப் போட்டுக் கொடுத்தார்கள். இவற்றால் சூதாட்டத்தில் நம் பக்கம் வாய்ப்பு கூடுகிறது. நிச்சயம் ஆவதில்லை.

இன்னும் பெரிய கண் ஒன்றும் உண்டு. 2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றன் பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் போகும். கீழே பூமி கனமாக இருக்கும் இடத்தில் முன்னால் போவது சற்று இழுபடும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை, தலைமுடியின் கனத்தைவிட மிகச் சிறிய அளவுக்குத் துல்லியமாக அளந்தார்கள். இதுதான் உண்மையான கரிமா! பூமிக்குள் நீர் குறைந்தால் எடை குறையும். எடை குறைந்தால் மேலே தெரியும். 2009ல் வெளியான கணக்குப்படி ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் 2002க்கும் 2008க்கும் இடையே 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டது. மழை சரியாகப் பெய்த வருஷங்களில்தான் இது நடந்தது. ஆனால் இந்தக் கண்ணுக்கு மாநிலம் தெரியும், மாவட்டம் சரியாகத் தெரியாது. பங்காருபாளையத்து நாலு ஏக்கர் தெரியவே தெரியாது.

ஆகவேதான் எனக்கு அந்த ஸித்தி வேண்டும் என்று கேட்கிறேன். இப்போது ஒரு நிமிஷம் அது எனக்குக் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

மறு நாள் காலை என் வீட்டு வாசலில் நூறு பேர் நிற்பார்கள். யாருக்கு முதலில் காட்டுவது? தெரிந்தவருக்கா, ஏழைக்கா, அதிகாரம் உள்ளவருக்கா? ஏழாவது போர் போட்டவருக்கே காட்டுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நீர் வரும். அவர் பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு வற்றும். வற்றியவர் என் வாசலுக்கு வருவார். அவருக்கு இன்னும் ஆழத்தில் ஒரு விரிசலைக் காட்டுவேன். இப்படியே போனால் மாவட்டத்தில் தப்பிப் பிழைத்திருக்கும் கடைசி விரிசல் வரைக்கும் நானே வழிகாட்டிக் காலி செய்துவிடுவேன். பஸ்மாசுரனுக்கு வரம் கிடைத்த கதைதான். இன்று ஒளிந்து கிடக்கிற காரணத்தால் மட்டும் கொஞ்சம் நீர் மிச்சம் இருக்கிறது. நான் கேட்கும் கண், எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினால் அது சாபம். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டினால்தான் வரம்.

அந்த "எவ்வளவு" என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஏக்கரில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் மொத்தம் 36 லட்சம் லிட்டர். எங்கள் கருங்கல் பூமியில் இதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் கீழே இறங்கி நிலத்தடியில் சேரும். அதாவது 4 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வைத்தால் 48 லட்சம் லிட்டர் வேண்டும். அத்தனையும் போரிலிருந்து வந்தால், ஓர் ஏக்கர் நெல் பன்னிரண்டு ஏக்கரின் சேமிப்பைக் குடிக்கிறது. வயலிலிருந்து மறுபடி கீழே இறங்கும் நீரைக் கழித்துக்கொண்டாலும், பல ஏக்கர் சேமிப்பு போய்விடும். நாலு ஏக்கர்காரர் இரண்டு ஏக்கர் நெல் வைத்தால் அவர் யாருடைய நீரைக் குடிக்கிறார்? பக்கத்து நிலத்துக்காரருடையதை. அவர் திருடர் அல்ல. அவருக்குத் தெரியாது. கண் இல்லாததால் வரும் திருட்டு இது.

இந்தக் கண்ணை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு முயற்சி எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு, விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் ஒன்று, சித்தூர், அனந்தபூர், கடப்பா உள்பட அன்றைய ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில், 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் 2000களில் நடந்தது. பெரிய இயந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. மழைமானி, அளவு நாடா, நோட்டுப் புஸ்தகம், அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி. விவசாயிகளே, பெண்கள் உள்பட, குறித்த நாட்களில் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து ஊர்ச் சுவரில் எழுதினார்கள். பருவத்துக்கு முன் ஊர் கூடி, இவ்வளவு மழை பெய்தது, இவ்வளவு கீழே இருக்கிறது, இவ்வளவு பயிர் வைக்க எண்ணுகிறோம், மிச்சமா பற்றாக்குறையா என்று பட்ஜெட் போட்டார்கள். நெல் வைக்காதே என்று யாரும் உத்தரவு போடவில்லை. கணக்கைப் பார்த்தபின் பல ஊர்களில் அவரவரே நெல்லைக் குறைத்து, குறைந்த நீரில் வரும் பயிருக்கு மாறினார்கள்.

நான் அரசாங்கத்தில் இருந்தவன். 2002ல் வந்த ஆந்திர நீர், நிலம், மரச் சட்டம் நல்ல சட்டம். போர் போட அனுமதி வேண்டும், பொதுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டருக்குள் போடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் வந்து விடிவதற்குள் போகும் ரிக் வண்டியை எந்தச் சட்டம் பிடிக்கும்? சட்டத்தால் முடியாததை ஓர் அளவு நாடா சில ஊர்களில் செய்தது. எல்லா ஊரிலும் அது நிலைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். திட்டம் முடிந்து ஆட்கள் போனால் சுவர் எழுத்து அழியும். ஆனால் முடியும் என்பது தெரிந்துவிட்டது.

ஆகவே என் விண்ணப்பத்தில் ஒரு திருத்தம். அந்தக் கண் எனக்கு மட்டும் வேண்டாம். எல்லோருக்கும் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். ஒருவனுக்கு மட்டும் இருந்தால் அது வியாபாரம் ஆகும். ஊருக்கே இருந்தால் அது தர்மம் ஆகும்.

இதற்கு நம் க்ஷேத்திரங்களே சாட்சி. சித்தூருக்கு அருகில் இருக்கும் காணிப்பாக்கத்து ஸ்தல புராணம் தெரிந்திருக்கும். கண் தெரியாதவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர், வாய் பேசாதவர் ஒருவர் என மூன்று சகோதரர்கள். நிலத்துக் கிணறு வற்றியதால் ஆழப்படுத்த இறங்கினார்கள். கடப்பாரை கல்லில் பட்டு ரத்தம் பெருகியது. அந்தக் கல்தான் ஸ்வயம்பு விநாயகர். மூவரின் குறையும் நீங்கியது. ஜனங்கள் உடைத்த தேங்காய் நீர் நிலமெங்கும் பாய்ந்ததால், காணி என்ற நிலமும் பாரகம் என்ற நீர்ப்பாய்ச்சலும் சேர்ந்து ஊருக்குப் பெயராயிற்று என்கிறார்கள். அங்கே மூவரும் சேர்ந்துதான் தோண்டினார்கள். வரமும் மூவருக்கும் கிடைத்தது.

திருமலையில் இன்னொரு கதை. திருமலை நம்பிகள் வயதான காலத்திலும் பாபவிநாசத்திலிருந்து திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் சுமந்து வருவார். ஒரு நாள் வேடன் வடிவில் வந்து தாகம் என்று கேட்ட பெருமாள், குடத்து நீரைக் குடித்துவிட்டு, அம்பு எய்து ஆகாச கங்கையை வரவழைத்துக் காட்டினார். நம்பிக்குப் பெருமாள் பறக்கும் சக்தி கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எல்லோருக்கும் பயன்படும் நீரைக் கொடுத்தார்.

"நீர் இல்லை, இல்லை என்கிறீர்களே, 2021 நவம்பரில் என்ன ஆயிற்று?" என்று திருப்பதி அங்கத்தினர்கள் கேட்பார்கள். நியாயம். அந்த மாதம் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. ராயலசெருவு உடைந்துவிடும் என்று பயந்து ஊர்களைக் காலி செய்தார்கள். ஒரு வீட்டில், பூமிக்குள் பதித்திருந்த சிமெண்ட் வளையத் தொட்டி, ஆள் உயரத்துக்கு மேல் தானாக எழும்பி நின்றது. அதிசயம் என்று கூட்டம் கூடிற்று. சுற்றிலும் மண் நீரில் ஊறிக் கீழிருந்து மேலே தள்ளியது; ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். அந்த வெள்ளத்தில் கடலுக்குப் போனதில் ஒரு பங்கை நிறுத்தியிருந்தால் எத்தனை கிணறு நிரம்பியிருக்கும்? ஏரியில் வண்டல், கால்வாயில் வீடு. கீழே பார்க்கும் கண் இருந்தால், ஏரி என்பது மேலே தெரியும் குட்டை அல்ல, கீழே இருக்கும் கிணறுகளின் வாய் என்று தெரிந்திருக்கும்.

இது கிராமத்துப் பிரச்னை என்று பட்டணத்து அங்கத்தினர்கள் ஒதுங்க வேண்டாம். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை அறிவீர்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் அரசுக்குச் சொந்தமான 13,900 போர்களில் 6,900 வறண்டுவிட்டன என்று அரசே சொன்னது. ஆகவே அந்தக் கண் கிடைக்கும் வரை, கண் இல்லாமலே செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 83,000 லிட்டர். இருபது சதவீதம் வீணானாலும் 12,000 லிட்டர் டாங்கர் லாரி ஐந்துக்கு மேல். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உங்கள் மாடியிலிருந்து சாக்கடைக்குப் போனதைத்தான். தமிழ்நாட்டில் 2003ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அன்று போட்ட குழாய் இன்றும் வேலை செய்கிறதா, குழியில் மண் அடைத்திருக்கிறதா என்று இந்த வாரம் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, அளப்பது. உங்கள் குடியிருப்பில் ஓடாத பழைய போர் ஒன்று இருந்தால் அதை மூடி போட்டு வைத்துக்கொண்டு, மாதம் ஒரு நாள் நீர்மட்டத்தை அளந்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். செக்ரட்டரி கடிதம் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். போன மாதம் 80 அடி, இந்த மாதம் 110 அடி என்று எழுதினால் எல்லோரும் படிப்பார்கள்.

மூன்றாவது, எதற்கும் உதவாத போரை மூடுவது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட போரில் விழுந்தது. தீபாவளி சமயத்தில் நாடே நாலு நாள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. குழந்தை பிழைக்கவில்லை. கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு மூட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010லேயே வழிமுறை கொடுத்திருந்தது. உங்கள் பூர்வீக ஊரில், குத்தகைக்கு விட்ட நிலத்தில், அப்படி ஒரு குழி வாயைத் திறந்துகொண்டு இருக்கிறதா? நம்மில் பலருக்குத் தெரியாது. நிலத்தைப் பார்த்தே இருபது வருஷம் ஆகியிருக்கும். அடுத்த முறை குலதெய்வத்துக்குப் போகும்போது நிலத்தையும் ஒரு தடவை சுற்றி வாருங்கள். இதற்கு எந்த ஸித்தியும் வேண்டாம். இருக்கிற கண் போதும்.